மாணவர் மையத்தின் சாவி யாரிடம்?

கேள்வி: சமய அறக்கட்டளை ஒன்று நடத்தும் தனியார் பள்ளியில் துணை முதல்வராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமார் 800 மாணவ மாணவியர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேறு சமயத்தவர். முன்னாள் மாணவர் ஒருவரின் நன்கொடையில் மாணவர் மையம் கட்டி முடித்துவிட்டோம். கீழே 210 சதுர மீட்டரில் ஒரு கூடம், மாடியில் ஆலோசகர் அறையோடு சேர்த்து மூன்று அறைகள். ஆறு வாரத்தில் திறப்பு விழா. இப்போதுதான் இழுபறி ஆரம்பித்திருக்கிறது. தினசரி வழிபாடு கூடத்திலேயே நடக்க வேண்டும் என்கிறார்கள் அறங்காவலர்களில் சிலர். பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள் என்று பெரியவர்களுக்குக் கவலை. நிர்வாகக் குழுக் கூட்டங்களையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மாணவர் மன்றமோ, எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சாவியிலிருந்து தொடங்குங்கள்.

அழைப்பிதழில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்ற பேச்சு எப்படியும் நடக்கும், நடக்கட்டும். விழா முடிந்த மறுநாள் அந்தக் கதவை யார் திறப்பார், எத்தனை மணிக்குத் திறப்பார், எப்போது பூட்டுவார் என்று முதலில் கேளுங்கள். மையம் ஓடுவதும் ஓடாததும் அதில்தான் இருக்கிறது. பள்ளிக் கட்டடங்களைத் திட்டமிடுவதும், கட்டிய பிறகு அவை எப்படிப் பயன்படுகின்றன என்று போய்ப் பார்ப்பதும் என் வேலை. நான் பார்த்தவரை, வீணாய்ப் போன மாணவர் மையங்கள் பெரும்பாலும் நல்ல கட்டடங்கள்தான். டேபிள் டென்னிஸ் மேசை மடித்தபடி சுவரோரம் நிற்கும். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழித்திருக்க மாட்டார்கள். கேட்டால், "விசேஷம்னா திறப்போம் சார்" என்பார்கள்.

புதிதாக, பெரிதாக, காற்றோட்டமாக ஒரு கூடம் வந்துவிட்டால் பள்ளியில் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண் இருக்கும். முதலில் நிர்வாகக் குழுக் கூட்டம் வரும். அப்புறம் பெற்றோர் கூட்டம், தேர்வுக்கு இடம் போதவில்லை என்று பத்து நாள், பழைய பெஞ்சுகளைத் தற்காலிகமாக ஒரு மூலையில் போடுவது... யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். ஆனால் மூன்று முறை வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்த மாணவன் நான்காம் முறை வரமாட்டான். ஒரு பருவம் இப்படியே போனால், பிள்ளைகளே வருவதில்லையே, நாமாவது பயன்படுத்துவோம் என்று நிர்வாகமும் சொல்லத் தொடங்கும். அப்போது நீங்கள் மறுத்துப் பேசக் கையில் எதுவும் இருக்காது.

ஆகவே விழாவுக்கு முன்னதாகவே நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பள்ளி நாட்களில் மதிய இடைவேளையும், கடைசி மணிக்குப் பிறகு ஒன்றரை மணி நேரமும் கூடம் மாணவர்களுக்கு உரியது. வேறு எதற்காவது எடுத்தால் ஒரு வாரம் முன்பே காரணத்தோடு வாசல் பலகையில் எழுத வேண்டும். அவ்வளவு போதும். தாளாளர் கூட்டம் நடத்தக்கூடாது என்று எங்கும் எழுதாதீர்கள், வீண் மனக்கசப்பு. மாணவர் நேரம் இதுவென்று குறித்துவிட்டால் அவர் கூட்டம் தானாகவே வேறு நேரத்துக்கு நகர்ந்துவிடும். சாவியில் ஒன்று அலுவலகத்திலும் இன்னொன்று மையப் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். அந்தப் பொறுப்பாளருக்கு அந்த நேரத்தில் வேறு வகுப்போ பேருந்துப் பொறுப்போ போடக்கூடாது. மையம் திறந்திருப்பதும் பூட்டிக்கிடப்பதும் கடைசியில் இந்த ஒரு பீரியட் ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது. கால அட்டவணை போடுபவர் நீங்கள் என்றால் இது உங்கள் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது கணக்கு. மேசை நாற்காலி போட்ட பொதுக்கூடத்தில் தலைக்கு 1.4 சதுர மீட்டர் என்பது கட்டட விதிகள் பலவற்றில் உள்ள அளவு. அந்தக் கணக்குப்படி உங்கள் 210 சதுர மீட்டரில் 150 பேர் இருக்கலாம். பள்ளியிலோ 800 பேர். முறை வைக்காமல் திறந்துவிட்டால் முதல் வாரத்திலேயே பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பெண்களும் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். மதிய இடைவேளையில் இரண்டு நாள் ஆறு முதல் எட்டு வரை, இரண்டு நாள் ஒன்பது, பத்து, மீதி ஒரு நாள் மேல்நிலை வகுப்புகள் என்று பிரித்துப் பாருங்கள். மேல்நிலை மாணவர்கள் மாலையில் தங்க முடியும் என்பதால் அவர்களுக்கு மதியம் குறைந்தாலும் இழப்பில்லை. ஒரு பிரிவில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தாலும் எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். 150 ஆனதும் நிறுத்திவிடலாம்.

வழிபாட்டுக்கு வருவோம். உங்கள் சமயம் எது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் என் பதில் பெரிதாக மாறியிருக்காது. சமயப் பள்ளி தன் சமயத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிற சமயத்துப் பெற்றோரும் தெரிந்துதான் சேர்த்திருக்கிறார்கள். வாசலில் உங்கள் சமயச் சின்னம் இருக்கட்டும், நன்றி சொல்லும் வழிபாட்டோடு விழா தொடங்கட்டும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: மையத்துக்குள் வர வழிபாடு நுழைவுச்சீட்டாகக் கூடாது. கேரம் ஆட வந்த பிள்ளை பிரார்த்தனை முடியும்வரை கைகட்டி நிற்க வேண்டியிருந்தால், அது ஆடுவதையும் விட்டுவிடும், பிரார்த்தனையையும் வெறுக்கும். உங்கள் சமயத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

கூடத்தில் தினசரி வழிபாடு என்பதற்கு நடைமுறை எதிர்ப்பும் ஒன்று உண்டு. வழிபாட்டுக்கு அமைதி வேண்டும், மாணவர் மையத்துக்கு இரைச்சல் வேண்டும். ஒரே அறையில் இரண்டையும் வைத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்தில் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த சிற்றாலயம் 1955இல் திறக்கப்பட்டது. எந்த ஒரு சமயத்துக்கும் சொந்தமில்லாத, ஜன்னலே கண்ணில் படாத வட்டச் செங்கல் அறை. மேலிருந்து விழும் வெளிச்சம்தான் அலங்காரம். மாணவர் மையம் அதே புல்வெளியின் இன்னொரு பக்கம் தனிக் கட்டடமாக இருக்கிறது. எம்ஐடி சமயக் கல்வி நிறுவனம் இல்லை என்பது சரிதான். ஆனாலும் பக்கத்தில் இரு, தனியாக இரு என்ற அந்த ஏற்பாட்டை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாடியில் உள்ள மூன்று அறைகளில் ஒன்றை வழிபாட்டுக்கும் மௌனத்துக்கும் விடுங்கள். படிக்கட்டு ஏறியதும் வருகிற முதல் அறை வேண்டாம். எல்லாரும் அதன் வழியாகத்தான் போகவேண்டும் என்றும் இருக்கக்கூடாது. உள்ளே போகிறவனை நாற்பது கண்கள் பார்க்கவும் கூடாது. தேர்வுப் பயத்தில் பத்து நிமிடம் தனியாக உட்கார இடம் தேடும் பிள்ளைக்கும் அந்த அறை உதவும்.

அறங்காவலர்கள் கேட்டால் இதையும் சொல்லுங்கள். ஹார்வர்டில் பிலிப்ஸ் புரூக்ஸ் என்ற மதபோதகரின் நினைவாக 1900இல் ஒரு மாணவர் இல்லம் திறந்தார்கள். பக்தி, தொண்டு, விருந்தோம்பல் என்ற மூன்றுக்கும் அதை அர்ப்பணித்தார்கள். இன்று அது மாணவர்களே நடத்தும் தொண்டுப் பணிகளின் இருப்பிடம். பக்தியில் தொடங்கிய வீடு வந்தவரை வரவேற்றதால் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1989இல் ஐநா ஏற்றுக்கொண்டது. அதன் 14ஆம் பிரிவு குழந்தையின் மனச்சான்று, சமயச் சுதந்திரத்தைச் சொல்கிறது, கூடவே வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக வைக்கிறது. பெரியவர்கள் கூட்டத்தில் 31ஐ மேற்கோள் காட்டுங்கள். 14ஐ எடுத்தால் விவாதம் உங்கள் கையை மீறிப் போய்விடும்.

ஆலோசகர் அறையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் அந்தக் கட்டடத்தின் முக்கியமான அறையாகப் படுகிறது. சமயப் பள்ளிகளில் ஒரே ஆள் போதகராகவும், ஒழுக்கக் கண்காணிப்பாளராகவும், ஆலோசகராகவும் இருப்பது சகஜம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எனக்குக் கடவுள் நம்பிக்கையே ஆட்டம் காண்கிறது என்று அவரிடம் போய் ஒரு பதினாறு வயதுப் பெண் சொல்லமாட்டாள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று சொல்வதற்கும், அந்த அப்பா அறக்கட்டளையில் உறுப்பினராக இருந்தால் தயங்குவாள். மதிப்பெண் போடாத, தண்டனை கொடுக்காத, சமய வகுப்பு எடுக்காத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். முழுநேரத்துக்குப் பணம் இல்லை என்றால் வாரத்தில் இரண்டு நாள் வரட்டும். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யாரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அவரும் பிள்ளைகளும் முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த அறைக் கதவில் கண்ணாடி வேண்டும். பேச்சு வெளியே கேட்கக்கூடாது, ஆட்கள் மட்டும் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணைய விசாரணை, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை நிறுவனங்கள் எப்படிக் கையாண்டன என்று ஆராய்ந்தது. அதில் சமய நிறுவனங்கள் நடத்திய பள்ளிகள் ஏராளமாக வந்தன. ஆணையம் முன்வைத்த 10 பாதுகாப்புத் தரங்களில் ஒன்று, கொடுமைக்கு வாய்ப்பே குறையும்படி இடத்தை அமைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தைகளுக்குப் பங்கு வேண்டும் என்பது. 'எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் இல்லை' என்று யாராவது குறுக்கிட்டால், கண்ணாடி நல்லவர்களையும் வீண் பழியிலிருந்து காக்கும் என்று சொல்லிவிடுங்கள். அந்த வாதம் பெரும்பாலும் எடுபடும்.

பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்காருவதைப் பற்றிய கவலைக்கும் ஏறக்குறைய இதே மருந்துதான். நடுவில் தடுப்பு போட்டால் தடுப்புக்குப் பின்னால் ஒரு மறைவிடம் உருவாகும். மாடிப்படிக்கு அடியில் உள்ள இடத்தை அடைத்து அலமாரியாக்குங்கள். கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் மற்ற மூலைகள் தெரிய வேண்டும். பொறுப்பாளர் வாசலில் காவல் நிற்காமல் உள்ளே ஒரு மேசையில் தன் திருத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். தனித்தனி நேரம்தான் வேண்டும் என்று உங்கள் மரபு வற்புறுத்தினால் சரி, ஆனால் பெண்களுக்கும் அதே அளவு நேரம், அதே நல்ல நேரம் இருக்க வேண்டும். சிசிடிவி கூடத்திலும் வாசலிலும் இருக்கட்டும், ஆலோசகர் அறையிலும் மௌன அறையிலும் கூடவே கூடாது.

பிள்ளைகள் என்ன பேசுவார்களோ என்ற பயமும் பெரியவர்களுக்கு இருக்கும், வெளியே சொல்லாவிட்டாலும். அது புதிதல்ல. கேம்பிரிட்ஜில் 1815இல் தொடங்கிய மாணவர் விவாதச் சங்கத்தை 1817இல் துணைவேந்தர் நிறுத்தினார். அண்மைக்கால அரசியலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு 1821இல் மறுபடி அனுமதி கிடைத்தது. நிபந்தனை என்னவோ காற்றில் போய்விட்டது, சங்கம் இன்றும் இருக்கிறது. உங்கள் அறிவிப்புப் பலகைக்கு ஒரே விதி வையுங்கள்: யார் எழுதினார்களோ அவர்கள் பெயரும் வகுப்பும் இருக்க வேண்டும். வசைபாடல் அதிலேயே பாதி குறையும்.

இனி மாணவர் மன்றம். அவர்கள் கோபம் நியாயமானது. கட்டி முடித்த பிறகு கேட்பது தாமதம்தான், ஆனாலும் கேட்க நிறைய மிச்சம் இருக்கிறது. 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வுரையில் ரோஜர் ஹார்ட், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றில் ஒன்றின் பெயர் அலங்காரம். பூங்கொத்தோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, விருந்தினர் கார் வந்ததும் கைதட்டச் சொல்கிறோமே, அதுதான். உங்கள் விழாவில் அந்த வரிசையே வேண்டாம்.

மாறாக, விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிடுங்கள். ரிப்பன் வேண்டாம், உரை வேண்டாம். வெறும் கூடம், கொஞ்சம் மேசை நாற்காலி, அவ்வளவுதான். எதை எங்கே போடுவது என்று மன்றம் முடிவு செய்யட்டும். விளையாட்டுச் சாமான் வாங்க ஒரு சிறு தொகையையும் அவர்களிடமே கொடுத்து, கணக்கு எழுதச் சொல்லுங்கள். எந்த நாள் யாருக்கு என்று நான் மேலே சொன்ன பங்கீட்டையும் அவர்கள் முன் வையுங்கள், மாற்றினால் மாற்றட்டும். அந்த இரண்டு வாரத்தில் கட்டடத்தின் குறைகளும் வெளியே வந்துவிடும். பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கம் ஒன்று, பிள்ளைகள் உட்காரும் பக்கம் வேறொன்று. குப்பைத்தொட்டி இரண்டு போதாது. குடிநீர்க் குழாய்க்குக் கீழே தரை வழுக்கும். சக்கர நாற்காலியில் வரும் மாணவன் வாசலைத் தாண்டிவிடுவான், உள்ளே மேசைகளுக்கு நடுவே திரும்ப முடியாமல் நிற்பான். திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும் என்பதை நாற்காலி அடுக்கியவர் மறந்திருப்பார்.

எதிரொலியை நீங்களே இன்று மாலை சோதித்துப் பார்க்கலாம். காலிக் கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை உடனே அடங்காமல் ரீங்கரித்தால் நாளை 150 பேர் ஒருவர்மேல் ஒருவர் கத்திப் பேசுவார்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல் மூன்றும் சேர்ந்தால் இது நிச்சயம். பள்ளி உணவுக்கூடம், அரங்கு போன்ற இடங்களில் ஓசை அடங்கும் நேரம் ஒரு விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகையும் சுவரில் துணி ஒட்டிய அறிவிப்புப் பலகைகளும் போட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

நன்கொடையாளர் பெயர் கல்வெட்டில் இருக்கட்டும், தாராளமாக. அமெரிக்காவில் மாணவர் சங்கத்துக்கென்றே எழுந்த முதல் கட்டடம் என்று சொல்லப்படும் ஹூஸ்டன் ஹால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1896இல் திறக்கப்பட்டது. மறைந்த மகனின் நினைவாக ஒரு குடும்பம் கொடுத்த பணம் அது. பெயர் நிலைத்தது, மாணவர்களும் புழங்குகிறார்கள். கொடுத்தவருக்குப் பெயர் உண்டு, கூடத்தின் நேரத்தில் பங்கு கிடையாது என்பதை மட்டும் இப்போதே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் யாரோடும் சமரசம் பேசாதீர்கள். கூடத்துக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா? இருந்தால், பிள்ளைகள் அந்த வழியாக நழுவிவிடுவார்கள் என்று யாராவது பூட்டுப் போட்டிருப்பார்கள். போய்ப் பாருங்கள். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் பற்றிய தீயில் 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பள்ளி தீத்தடுப்புச் சோதனையில் தேறியிருந்தது. பழைய கட்டடம் என்று புதிய விதிகளிலிருந்து அதற்கு விலக்கு கிடைத்திருந்தது. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நமக்கு இதை இன்னும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாசல்களும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாவியில்லாமல், தள்ளினாலே திறக்க வேண்டும். நழுவிப் போவதுதான் கவலை என்றால் திறந்ததும் மணி அடிக்கும்படி ஒரு கருவி மாட்டுங்கள். பிள்ளைகள் கூடத்தில் இருக்கும்போது ஒரு முறை தீ ஒத்திகையும் நடத்திவிடுங்கள், அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே.

வைஃபை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மன்றம் முதல் நாளே கேட்கும். மாலையில் பாடம் தேட மட்டும் கொடுங்கள், மதியம் வேண்டாம். கொடுத்தால் 150 பேரும் ஆளுக்கொரு மூலையில் தலைகுனிந்து உட்காருவார்கள், கேரம் போர்டு தூசி படியும்.

இவ்வளவையும் கூட்டத்தில் வாயால் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். ஒரே ஒரு தாளில் மாணவர் நேரம், பொறுப்பாளர் பெயர், மௌன அறை எது, இரண்டாவது வாசல் பூட்டப்படாது என்ற உறுதி, இவற்றை எழுதித் தாளாளரிடம் முதலில் தனியாகக் காட்டுங்கள். கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் முதன்முறை பார்த்தால் மறுத்துத்தான் பேசுவார். தனியாகப் பார்த்தால் இரண்டு திருத்தம் சொல்வார், அப்புறம் அது அவருடைய திட்டமாகிவிடும். கையெழுத்து விழுந்த பிறகு அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பலாம்.